பூசணி என்கிற கோழியின் எடை

பூசணி இளைத்துவிட்டாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது என் கைதான். தையல் மெஷினுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டிருந்தாள். மிதிக்கும்போது காலைக் கீலை நசுக்கிவிடப் போகிறேனே என்று தூக்கி அந்தப் பக்கம் வைக்கப் போனேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. இறகெல்லாம் வழக்கம்போலப் பொம்மென்றுதான் இருந்தது. உள்ளே ஆள் இல்லை. நெஞ்சுக்கு நடுவில் எலும்பு பென்சில் மாதிரி கையில் தட்டுப்பட்டது.

நான் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுக்கிறவள். தலையணையில் பஞ்சு குறைவாக அடைத்திருந்தால் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிடும். பூசணியைத் தூக்கிப் பழகிய கை வேறு. அது பொய் சொல்லாது என்று எனக்கு நம்பிக்கை உண்டு. இந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்த நம்பிக்கை இல்லை என்பதுதான் என் கஷ்டம்.

"ஏங்க, பூசணி இளைச்சுட்டா" என்றேன்.

என் வீட்டுக்காரர் தராசு ரிப்பேர் செய்கிறவர். மளிகைக் கடை, பழக் கடை, கறிக் கடை, பழைய பேப்பர் கடை என்று சுற்று வட்டாரத்தில் இருக்கிற எல்லாத் தராசும் எங்கள் முன்னறையில் ஒரு நாளாவது வயிறு திறந்து கிடந்திருக்கும். எதையும் எடை போடாமல், அளக்காமல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. எனக்குக் காய்ச்சல் அடித்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார், தெர்மாமீட்டரைத் தேடுவார். கல்யாணமான புதிதில் இதற்காக நான் அழுதிருக்கிறேன். இப்போது சிரிப்பு வருகிறது. சில நாள் தெர்மாமீட்டரை உடைத்துப் போடலாமா என்றும் வருகிறது.

அன்று சாயங்காலம் கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு, பூசணியை அணைத்துத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். ஆள் நடமாட்டம் இருந்தால் அவள் மிரளுவாளாம். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் தீர்ப்புச் சொல்கிற களை வந்திருந்தது.

"ஒரு கிலோ எண்ணூறு. போன மாசமும் இதேதான். எடை சரியாத்தான் இருக்கு."

"எலும்பு கையில தட்டுதுங்க."

"கோழின்னா எலும்பு இருக்கத்தான்மா செய்யும். எலும்பு இல்லாம அது என்ன புழுவா?"

பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரை எப்படி ஜெயிப்பது. நான் மெஷினுக்குத் திரும்பிப் போய், கோபத்தில் ஒரு தலையணை உறையின் திறப்பையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து பிரித்தேன்.

ஒரு கோழிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று யாராவது கேட்கலாம். பூசணி எங்கள் மகளின் கோழி. கல்லூரியில் படிக்கும்போது சாப்பாட்டுப் பையில் வைத்து ஒளித்துக் கொண்டுவந்தாள். குஞ்சாக இருந்தபோது உருண்டையாக, மஞ்சளாக இருந்ததால் அந்தப் பெயர். வளர்ந்து வெளிர் பழுப்பாக ஆன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. மகளுக்கு வேறு ஊரில் ஒரு கண் மருத்துவமனையில், கண்ணாடிக்கு அளவு பார்க்கிற வேலை கிடைத்தது. விடுதியில் தங்கியிருக்கிறாள். பெட்டி கட்டும்போது என்னைவிடப் பூசணியைத்தான் அதிக நேரம் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வீடியோவில் கூப்பிடுவாள். எடுத்ததும் முதல் பேச்சு, "அம்மா, பூசணியைக் காட்டு." எப்படி இருக்கிறாய் என்பதெல்லாம் பிறகுதான். சில நாள் அது இல்லாமலும் போகும். நான் ஒரு கையில் போனும் ஒரு கையில் கொஞ்சம் சோறுமாகப் பின்பக்கம் ஓடுவேன். சும்மா கூப்பிட்டால் அந்த மகாராணி போன் முன்னால் நிற்க மாட்டாள். அவள் கொத்திக்கொண்டு நிற்க நிற்க, மகள் அங்கிருந்து பேசுவாள், சிரிப்பாள், விடுதியில் தண்ணீர் வராததைச் சொல்வாள். கோழியிடம் சொல்கிற மாதிரிதான் சொல்வாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வேன். பிறகு அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, "பூசணி எடை எவ்வளவுப்பா?" என்பாள். அவர் நம்பரைச் சொல்வார். அத்தோடு அப்பா மகள் பேச்சு முடிந்தது.

ஆக, பூசணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் யாரைப் பார்க்கக் கூப்பிடுவாள்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பயம் அதுதான். கோழி மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் புரள வைத்தது அந்தக் கேள்வி.

மறுநாளே விசாரணையைத் தொடங்கினேன். சிறகைத் தூக்கி, வால் அடியைப் பிரித்து, பேன் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடையில் கேட்டுப் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன். பூச்சி எதுவும் விழவில்லை. நான் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் அதன் பெயின்ட்தான் போனது.

அடுத்து என் சந்தேகம் கறுப்பியின் மேல் போனது. கறுப்பி எங்கள் இன்னொரு கோழி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு காலி செய்யும்போது மதில் மேல் விட்டுவிட்டுப் போனது. எங்களை அது மனிதர்களாகவே மதித்ததில்லை. கூப்பிட்டால் வராது, தொட்டால் கொத்தும், கையில் எதையாவது நீட்டினால் அதைத் தட்டிவிட்டு ஓடும். ஆனால் தீவனத் தட்டை மட்டும் விடாது. உடம்பு கல்லுமாதிரி இருக்கும். இங்கே ஒருத்தி இளைக்கிறாள், அங்கே ஒருத்தி கொழுக்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பூசணியின் பங்கையும் இவள் முழுங்குகிறாள் என்று முடிவு கட்டி, கறுப்பியைப் பிடிக்க நானும் என் கொழுந்தனும் தோட்டம் முழுக்க ஓடினோம். முழங்கையில் சிராய்ப்போடு அவளைப் பழைய கூண்டில் தனியாக அடைத்தோம்.

கொழுந்தன் எங்களோடுதான் இருக்கிறார். ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட மனிதர். வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் ஒரு பையில் பன் கொண்டுவந்து தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர். மகள் அவரைப் 'பன் சித்தப்பா' என்றே கூப்பிடுவாள்.

"தம்பி, இனி தட்டு முழுக்கப் பூசணிக்குத்தான். பார்க்கலாம்" என்றேன்.

தட்டு முழுக்க அவளுக்குத்தான் வைத்தேன். அவள் இரண்டு கொத்து கொத்திவிட்டு, கல்யாண வீட்டில் மூன்றாவது பந்திக்கு உட்கார்ந்தவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முட்டையும் குறைந்தது. வாரத்தில் பாதி நாள் கூடு காலி. வீட்டுக்காரர் இப்போது தினமும் எடை போட்டார். தினமும் எடை சரியாகத்தான் இருந்தது. என் கை மட்டும் வேறு சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் கொழுந்தன். "இது உடம்பு வியாதி இல்ல. மனசு வாட்டம். பாப்பா போனதுல இருந்து அது யாரையோ தேடுது."

பாப்பா என்றால் எங்கள் மகள்தான். அவளுக்கு இருபத்து நான்கு வயது ஆனாலும் எங்களுக்குப் பாப்பாதான். "கோழிக்கு ஏது தம்பி மனசு" என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்று அவள் கூப்பிட்டபோது வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சோறு எடுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் பூசணி கூண்டுப் படியில் ஏற முடியாமல் வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதற்கு மேல் நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. துணிக் கூடையில் பழைய திரைச்சீலைத் துண்டை விரித்து, அவளை வைத்து, "மாட்டாஸ்பத்திரிக்குப் போறேன். வர்றவங்க வாங்க" என்றேன்.

இரண்டு பேரும் வந்தார்கள். கொழுந்தன் ஷிப்ட் முடிந்து வந்த கண் சிவப்போடு வந்தார். வீட்டுக்காரர் கையில் ஒரு தராசையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரித் தராசு எப்படி இருக்குமோ, நம்ப முடியாதாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப் போட்ட நாய் ஒன்றும், அதைவிடச் சோகமாக அதன் சொந்தக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண். கோட்டுக் கையை மடித்து விட்டிருந்தாள். எங்கள் மூன்று பேரையும், கூடையையும், தராசையும் வரிசையாகப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பூசணியின் நெஞ்சுக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

"ஐயோ பாவம். நெஞ்சுல சதையே இல்லையே" என்றாள்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

"எடை சரியாத்தான் இருக்கு, டாக்டர்" என்றார் அவர், குரல் கொஞ்சம் இறங்கி.

டாக்டர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தாள். பிறகு கழுத்துக்குக் கீழே, இரை போய்ச் சேருகிற தீனிப்பையை விரலால் உருட்டினாள். சின்னப் பந்து மாதிரி உப்பியிருந்தது.

"காலையில என்ன சாப்பிட்டா?"

"தீவனம்தான். வேற ஒண்ணும் கிடையாது" என்றேன் நான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. நல்ல தீவனமாகப் பார்த்து வாங்குகிறேன்.

"தீவனம் மாதிரி தெரியலையே. உள்ள மாவு பிசைஞ்ச மாதிரி இருக்கு."

கொழுந்தன் சுவரில் மாட்டியிருந்த பசு மாட்டுப் படத்தை வெகு அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார். அவரை எனக்கு எவ்வளவு வருஷமாகத் தெரியும்.

"தம்பி."

"ஒரே ஒரு பன்னு, அண்ணி."

"எப்ப?"

"காலையில ஷிப்ட் முடிஞ்சு வரும்போது. கேட்டுலயே வந்து நிக்கிறா. ஆளு இளைச்சு வேற இருக்கா. பார்த்துட்டு எப்படிச் சும்மா போறது?"

"தினமுமா?"

"லீவு நாள்ல இல்ல" என்றார், அதையாவது கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி.

வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். தம்பி மாட்டிக்கொண்டதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். டாக்டர் அவர் பக்கம் திரும்பி, அவர் மடியில் இருந்த தராசைக் காட்டினாள்.

"நீங்க தினமும் எடை போடுறீங்களா சார்? கோழி ஒரு இடத்துல நிக்காதே. எப்படி நிறுத்துறீங்க?"

சிரிப்பு பாதியில் நின்றது. "அது வந்து... ஆடினா நம்பரும் ஆடும். நிக்கணும்ல."

"அதான் கேட்கறேன். எப்படி?"

"பிஸ்கட்டு."

"எத்தனை?"

"நம்பர் நிக்கிற வரைக்கும்."

கதவைச் சாத்திக்கொண்டதன் ரகசியம் இதுதான். மிரளுவாளாம்! இத்தனை நாளாக டப்பாவில் பிஸ்கட் குறைவதற்கு நான் எலியைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரையும் அங்கேயே ஒரு பிடி பிடித்தேன். ஒரு கோழியை வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை, அறிவு வேண்டாமா, நான் ஒருத்தி நாள் முழுக்க அது பின்னாலேயே ஓடுகிறேன் என்றேன். வராந்தாவில் இருந்த நாய்கூடக் குரைப்பதை நிறுத்தியது.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "பாப்பாகிட்ட போன்ல காட்டும்போது நீ கையில என்ன வச்சிருப்பே?" என்றார். குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

நான் கூடையில் இருந்த துணியை இழுத்துச் சரிசெய்தேன்.

"என்ன வச்சிருப்பீங்க?" என்றாள் டாக்டர்.

"சோறு. ஒரு பிடி."

"ஒரு பிடிதானா?"

"பாப்பா பேசி முடிக்கிற வரைக்கும்" என்றேன். "சில நாள் அவ நிறையப் பேசுவா."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காலையில பன்னு. சாயங்காலம் சோறு, அதுக்கு மேல பிஸ்கட்டு. எல்லாமே வயித்தை நிரப்புற சாமான். அதுக்கப்புறம் தீவனத்தை அவ எதுக்குத் தொடப்போறா? உடம்புக்கு வேண்டிய சத்து இல்ல. முட்டை போட உடம்புச் சதையையே கரைச்சுக் குடுத்திருக்கா. அடிவயித்துல மட்டும் கொழுப்பு. சார் சொன்னது பொய்யில்ல, எடை இருக்கு. இருக்க வேண்டிய இடத்துல இல்ல. வீட்ல வேற கோழி இருக்கா?"

"இருக்கு. நல்லா திடமா இருக்கு. யார் கையிலயும் எதையும் வாங்காது" என்றேன்.

"அதனாலதான் திடமா இருக்கு" என்றாள் டாக்டர்.

கூண்டில் அடைபட்டுக் கிடந்த கறுப்பி என் கண் முன்னால் வந்து நின்றாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இப்பவே நிறுத்தினா தேறிடுவா" என்றாள் டாக்டர். "தீவனம், தண்ணி, கொஞ்சம் கீரை. வேற ஒரு பருக்கை கூடாது. இப்படியே விட்டா ஈரல் கெட்டு, ஒரு நாள் காலையில விழுந்து கிடப்பா. அப்புறம் என்கிட்ட கொண்டு வந்து பிரயோஜனம் இல்ல. கெஞ்சுவா, பின்னாடியே வருவா. மனசைக் கல்லாக்கிக்கணும். சார், எடை பார்க்கணும்னா காலையில வெறும் வயித்துல பாருங்க."

வீட்டுக்காரர் திரும்பி வரும் வழியெல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். கடை கடையாகப் போய், முதலில் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டுத்தான் சாமானைப் போட வேண்டும் என்று சண்டை பிடிக்கிற மனிதர் அவர். "கூடை எடையைக் கழிச்சேன். பிஸ்கட்டு எடையைக் கழிக்கலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாவமாக இருந்தது. எனக்கு அவரைத் திட்டுகிற யோக்கியதையும் போய்விட்டிருந்தது. பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விடாமல் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் எடை போட்டார். நம்பரை என்னிடம் சொல்லாமல் தராசை ஆஃப் செய்துவிட்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கறுப்பியைத் திறந்துவிட்டோம். எங்கள் மன்னிப்பையெல்லாம் அவள் கேட்கவில்லை. என் காலில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு நேராகத் தட்டுக்குப் போனாள். பூசணியின் பாடுதான் பெரும்பாடு. காலையில் கேட்டில் நின்று பன் சித்தப்பாவை வழிமறிப்பாள். அவர் வெறும் கையை விரித்துக் காட்டிவிட்டு, குற்றவாளி மாதிரி பக்கவாட்டில் நழுவுவார். முன்னறைக் கதவைக் கொத்துவாள். உள்ளே வீட்டுக்காரர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் ஆனால் என் புடவையைப் பிடித்து இழுப்பாள்.

சாயங்காலம்தான் பிரச்சினை. சோறு இல்லாமல் அவளைப் போன் முன்னால் நிறுத்த முடியவில்லை. முதல் நாள் மகளிடம், "தூங்கிட்டாடி" என்று சொன்னேன். அடுத்த நாள், "மழை வர்ற மாதிரி இருந்துச்சு, கூண்டுல அடைச்சுட்டேன்" என்றேன். வானம் வெளுத்துக் கிடந்தது. அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் ஒப்படைத்துவிட்டுப் போன ஒன்றை நாங்கள் மூன்று பேருமாகச் சேர்ந்து இந்தக் கதிக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? "சரிம்மா, வச்சிடறேன்" என்றாள். அப்பாவிடம்கூடக் கொடுக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் போனே வரவில்லை.

மெஷினில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்குக் கொஞ்சமா சோறு குடுத்துக் காட்டிடேன். ஒரு நாள்ல என்ன ஆகிடப்போகுது" என்றார். நான் நினைத்துக்கொண்டிருந்ததும் அதுதான். அவர் வாயால் கேட்டதும் எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அடுப்படிக்குப் போய் ஒரு பிடி சோறு எடுத்தேன். மகள் நம்பரைப் போட்டுக்கொண்டே பின்பக்கம் போனேன். சோற்றைப் பார்த்ததும் பூசணி தோட்டத்துக் கோடியிலிருந்து சிறகை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஓட்டத்தில் ஒரு பக்கம் சாய்ந்தாள். நின்றாள். மறுபடியும் ஓடிவந்தாள். குனிந்து ஒரு கையால் தூக்கினேன். எலும்பு அதே இடத்தில், அதே மாதிரி.

அவளைக் கீழே விட்டேன். கையில் இருந்த சோற்றை என் வாயில் போட்டுக்கொண்டேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். சோறு வாயில் இருக்கும்போதே மகள் போனை எடுத்துவிட்டாள்.

"அம்மா?" அவள் குரல் அடைத்திருந்தது. "சொல்லிடும்மா. பூசணி செத்துப் போயிடுச்சா?"

"என்னடி பேசறே?"

"ரெண்டு நாளா காட்ட மாட்டேங்கிறே. நீ எதையோ மறைக்கிறேன்னு தெரியுது. இன்னைக்குக் கூப்பிட்டா நீ சொல்லிடுவியேன்னு பயந்துதான் கூப்பிடல."

சோற்றை விழுங்கினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பன், பிஸ்கட், சோறு, டாக்டர், கறுப்பியைச் சிறையில் போட்டது வரை. நடுவில் அவள் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள், ஒரு தடவை சிரித்தாள். சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

"உயிரோடதான் இருக்கா. தேறிடுவாளாம்" என்றேன். "ஆனா கொஞ்ச நாளைக்கு என்னால அவளைக் காட்ட முடியாது. சோறு குடுக்கலன்னா நிக்க மாட்டா. அதுக்காக நீ கூப்பிடாம மட்டும் இருந்துடாதேடி."

சிக்னல் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன்.

"நான் கோழியைப் பார்க்கவா கூப்பிடுறேன்னு நினைச்சே?"

"எடுத்ததும் அதைத்தானே கேட்கறே?"

"உன்னைக் காட்டுன்னா நீ காட்டுவியா? தலை வாரல, புடவை கசங்கியிருக்குன்னு போனை மேல தூக்கிடுவே. எனக்கு மின்விசிறிதான் தெரியும். பூசணியைக் காட்டுன்னாதான் நீ எழுந்து நடப்பே. நடக்கும்போது வீடு முழுக்கத் தெரியும். அப்பா முதுகைக் காட்டிட்டு உக்காந்திருப்பார். உன் மெஷின்ல என்ன துணி மாட்டியிருக்குன்னு தெரியும். அப்புறம் பின்னாடி போய் உன் கையை நீட்டுவே. கை மட்டும் ரொம்ப நேரம் தெரியும். அதைப் பார்த்துக்கிட்டேதான் நான் பேசுவேன்."

அங்கே இருந்த துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பூசணி என் கையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைக் குறி வைத்து வந்தாள். கையை மடியில் துடைத்துக்கொண்டேன்.

"போனைத் திருப்பும்மா."

"இருடி, சீப்பை..."

"சீப்பு வேண்டாம். திருப்பு."

திருப்பினேன். சின்னக் கட்டத்தில் என் முகம் வந்தது. நரை, எண்ணெய் வழிகிற நெற்றி, உதட்டோரத்தில் சோற்றுப் பருக்கை. பெரிய கட்டத்தில் அவள் விடுதிக் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்க்கட்டும் என்று இருந்தேன். அவளை நான் இவ்வளவு நேரம் நேராகப் பார்த்தும் வெகு நாளாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள். எப்போது வெட்டினாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவள் பேசின நாளெல்லாம் நான் கோழி போன் திரைக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"முடி நல்லாருக்குடி" என்றேன்.

"உண்மையாவா? உனக்குப் பிடிக்காதுன்னுதான் சொல்லல."

"பிடிக்கலதான். ஆனா நல்லாருக்கு."

அவள் சிரித்தாள். "நீ போய் வேலையைப் பாரும்மா. போனை எதிர்ல வச்சிட்டுத் தை. நான் இங்க சட்டையெல்லாம் மடிச்சு வைக்கணும். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கலாம்."

உள்ளே வந்து, மெஷின் மேஜையில் துணிக்கட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன். அவள் அங்கே சட்டை மடித்தாள். நான் இங்கே திரைச்சீலைக்கு ஓரம் தைத்தேன். நடுவில் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறேன் என்று வந்தார். என் மெஷின் பக்கத்தில் அவருடைய ஸ்க்ரூடிரைவர் ஒரு நாளும் இருந்ததில்லை. போனில் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து என் பின்னால் நின்றுகொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று மகளிடம் கேட்டார். இன்னும் இல்லை என்றாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, சாப்பிடு. நாங்க இருக்கோம்" என்றார்.

அவள் தட்டை எடுத்து வந்தாள்.